தாணுலிங்கம் மிதித்த பெட்டி

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கும் தாணுலிங்கத்துக்கு ஐம்பது வயதில் பேஸ் கிட்டார் ஆசை வந்தது. நாகர்கோவிலில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஜெஸ்லின் டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். 'அண்ணே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே விரலில் ஸ்கேலால் தட்டுவார்.

ஒருநாள் சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தார் தாணுலிங்கம்.

"டீச்சர், என்னைக் கச்சேரிக் குழுவுல இருந்து தூக்கப்போறானுவ."

"யாரு சொன்னா?"

"டிரம்மர் வின்ஸ்லிதான். நீங்க வாசிச்சாலும் ஒண்ணுதான், வாசிக்கலைன்னாலும் ஒண்ணுதான்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான். சனிக்கிழமை கல்யாணக் கச்சேரிக்கு வேற ஆளைப் பாக்காங்களாம்."

வேலை, வீடு எல்லாம் தானாக வந்து சேர்ந்தவை. இது ஒன்றுதான் அவர் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது.

"அதான், பெடல் வாங்கலாமான்னு பாக்கேன்."

காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தையே மாற்றிவிடும் சின்னப் பெட்டிகள் அவை. ஒன்று உறுமும், ஒன்று நடுங்கும், ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசும். யூடியூபில் பார்த்துப் பார்த்து மனுஷர் குழம்பிப்போயிருந்தார். ஒருவன் பெடல் இல்லாவிட்டால் பேஸே இல்லை என்கிறான், இன்னொருவன் அதை வாங்குகிறவன் முட்டாள் என்கிறான். இரண்டு பேருக்கும் தலையாட்டியதில் கழுத்து வலிதான் மிச்சம்.

"வாங்கணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

டீச்சர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "நாளைக்கு ரிகர்சலுக்கு நானும் வாறேன்," என்றார்.

மறுநாள் தாணுலிங்கம் போனபோது எல்லாம் தயாராக இருந்தது. டிரம்ஸுக்கு எதிரே தரையில் ஒரு நீலப் பெட்டியை டீச்சர் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார். அதன் ஒரு பக்கம் கிட்டாரிலிருந்து வரும் ஒயர், மறுபக்கம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர்.

"லைட் எரியல்லியே?"

"பழைய பெட்டி, எரியாது. நான் சொல்லுகதைக் கேளுங்க. வின்ஸ்லியோட வலது கால் பெரிய டிரம்மை மிதிக்கும்லா? அது விழும்போதெல்லாம் நீங்களும் இதை மிதிக்கணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. இது அப்படிப்பட்ட பெடல்."

"யூடியூப்ல ஒருத்தனும் இப்படிச் சொல்லல்லியே!"

"மிதிங்க அண்ணே."

பாட்டு தொடங்கியது. எப்போதும் தன் விரல்களையே வெறித்துக்கொண்டு வாசிக்கிறவர், அன்று வின்ஸ்லியின் காலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் தடுமாறினார். ஒரு சரணம் முழுக்க அபத்தமாகப் போயிற்று. பல்லவி திரும்ப வந்தபோது இரண்டு கால்களும் சேர்ந்து இறங்கின; கிட்டாரின் அடியும் டிரம்மோடு ஒன்றாக விழுந்தது. பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

முடிந்ததும் வின்ஸ்லி குச்சிகளைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, நீங்க கூட இருக்கது இன்னைக்குத்தான் தெரியுது. சனிக்கிழமை வந்துருங்க. வேற ஆளு வேண்டாம்."

தாணுலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா டீச்சர், பெட்டியோட மகிமையை! நாளைக்கே ஒண்ணு வாங்கிடுதேன்."

டீச்சர் குனிந்து டேப்பை உரித்தார். கிட்டாரிலிருந்து வந்த ஒயர் பெட்டிக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போயிருந்தது. பெட்டியில் எதுவுமே சொருகியிருக்கவில்லை.

ஊருக்கே கரண்ட் கொடுக்கிற மனுஷர் அந்த ஒயரைக் கையில் எடுத்து இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பார்த்தார். வெட்கத்தில் காது மடல் சிவந்துவிட்டது.

"அப்போ இவ்வளவு நேரம் கேட்டது என்ன சத்தம்?"

"உங்க கிட்டார்தான்."

"எனக்கு ஒண்ணும் புரியல்ல டீச்சர். முடிவா என்னதான் சொல்லுதீங்க? வாங்கணுமா, வேண்டாமா?"

"தாராளமா வாங்குங்க அண்ணே," என்றார் டீச்சர், பெட்டியைப் பைக்குள் போட்டபடி. "ஒயரை மட்டும் சொருகிராதீங்க."