சீனியம்மாள் நட்ட செடி

தவமணி அம்மையாரைவிட வைரவனுக்கு இருபது வயது கூடுதல். மின்கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சீனியம்மாள் இறந்த பிறகு அம்மையாரிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

ஒருநாள் காலையில் கேட்டார்.

"அம்மா, போனவங்க விட்டுட்டுப் போனதைக் காப்பாத்துறது தப்பா?"

"யார் தப்புன்னது?"

"மருமக."

சீனியம்மாள் கொல்லையில் நட்டது ஒரே ஒரு நித்யகல்யாணி. ஐந்து வருஷத்தில் அது கொல்லை முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூத்தது. கத்தரிப் பாத்தி மூடிப்போனது. கிணற்றுக்குப் போகும் வழியும் மூடிப்போனது. ஒரு செடியைத் தொடக்கூட வைரவன் யாரையும் விடவில்லை. முந்தின நாள், குடத்தோடு இடறி விழுந்த மருமகள் முத்தரசி எழுந்து நாலு செடிகளைப் பிடுங்கி எறிந்தாள். அவர் கையை ஓங்கிவிட்டார். அவள் தாய்வீட்டுக்குப் போகத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பார்ப்போம்."

கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரே இளஞ்சிவப்பு.

"இதுல அவங்க கையால நட்டது எது?"

"துவைகல்லுக்குப் பக்கத்துல."

வைரவன் அங்கே போய்க் குனிந்தார். செடிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

பின்வாசலில் வந்து நின்ற முத்தரசி மெல்லச் சொன்னாள்.

"அது போன கோடையிலேயே பட்டுப்போச்சு மாமா. நான்தான் எடுத்துப் போட்டேன். நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல. இதெல்லாம் விதை விழுந்து முளைச்சது."

வைரவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ இத்தனை நாளா நான் எதைக் காவல் காத்தேன்?"

அம்மையார் அவர் பக்கத்தில் குனிந்தார்.

"முதல் செடி அவங்களுக்கு எங்கே கிடைச்சது?"

"மேலத்தெரு லூர்தம்மா வீட்டுல. இவ ஆசைப்பட்டுக் கேட்டா. அந்தம்மா வேரோட பிடுங்கிக் கொடுத்தாங்க."

"என் வீட்டு வாசல் வெறுமையாத்தான் கிடக்கு" என்றார் அம்மையார். "எனக்கும் ஒண்ணு பிடுங்கித் தாங்க."

வைரவன் கையை நீட்டினார். ஒரு செடியைப் பிடித்தார். விட்டார். இன்னொன்றைப் பிடித்தார்.

"எதைப் பிடுங்க அம்மா?"

"உங்க மருமகளைக் கேளுங்க."