மிராசுதார் கட்டிய அடையாளம்

அலையாத்திக் காட்டுக்குள் கொடுவா மீன் எங்கே கிடக்கும் என்பது தோணிக்காரன் காத்தலிங்கத்துக்குத் தெரியும். தூண்டில் பைத்தியம் பிடித்த மிராசுதார் வேதரத்தினம் அவனுக்குக் கூலி பேசித் தோணியில் ஏறினார். ஏறியவர் சும்மா வரவில்லை. வாய்க்கால் திரும்புகிற இடத்திலெல்லாம் தன் சரிகை அங்கவஸ்திரத்தைக் கிழித்து, உட்கார்ந்தபடியே எட்டிய தாழ்ந்த கிளைகளில் கட்டிக்கொண்டே வந்தார். அடுத்த தடவை தோணிக்காரன் இல்லாமலே வந்துவிடலாம் அல்லவா? காத்தலிங்கம் அதைப் பார்த்தபடியே தோணியைத் தள்ளினான்.

கொடுவா சிக்கியது.

"பிடிச்சது நான். நீ சும்மா உக்காந்திருந்தே. உனக்கெதுக்குக் கூலி? வழி எனக்கே தெரியும்" என்றார் மிராசுதார்.

"சரிங்க எசமான்" என்று தோணி தள்ளும் கழியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவன் சாய்ந்துகொண்டான்.

அதற்குள் கடல் தண்ணீர் ஏறி, துணி கட்டிய கிளைகளெல்லாம் முழுகிப் போயிருந்தன. தோணி சுற்றிச் சுற்றி வந்து ஒரே மரத்தில் முட்டியது.

"தண்ணி ஏறும்னு ஏண்டா சொல்லலே?"

"சும்மா உக்காந்திருக்கறவனைக் கேக்கறீங்களே, எசமான்."

பேசிய கூலி அங்கேயே கைமாறியது. கழியும் கைமாறியது.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் காத்தலிங்கம் அந்தத் துணிகளை அவிழ்த்து வந்து, தோணியின் கிழிந்த பாய்மரப் பாய்க்கு ஒட்டுப் போட்டான். அந்தக் கரையில் சரிகை மின்னும் பாய் அவனுடையது ஒன்றுதான்.