கீழமாசி வீதி வழியே

மனைவி இறந்த பிறகு செண்பகராமனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மதுரைத் தெருக்களில் கால் போன போக்கில் நடப்பார். வெயில் ஏறியதும் திரும்புவார்.

நடந்தால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை. சித்திரை வீதியில் பூக்கூடைகளின் ஈரவாசம் பட்டால் கண் கலங்கியது. கீழமாசி வீதிக்குள் நுழைந்தால், லாரியும் தள்ளுவண்டியும் மிளகாய் நெடியும் ஹாரனும் சேர்ந்து நெஞ்சுக்குள் ஏதோ கொதித்தது. ஒருநாள் அங்கே தன்னை உரசிக்கொண்டு போன ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அந்த ஆள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். செண்பகராமனுக்குத் தன் கையை நினைத்தே பயம் வந்தது.

யோகாம்பாளிடம் போனார். அவரைவிட இருபது வயது இளையவர் யோகாம்பாள். தினமும் மாலையில் அவருடைய மாடி அறையில் ஏழெட்டுப் பேர் வந்து கண்மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். செண்பகராமனும் அவர்களில் ஒருவர். வயது எதுவானாலும் செண்பகராமனுக்கு யோகாம்பாள்தான் குரு.

"எனக்கு விடை கொடுக்கணும்மா. வீட்டை விக்கப் பேசிட்டேன். சிறுமலையில ஒரு ஆசிரமத்துல இடம் தர்றேன்னு சொல்றாங்க."

"என்னாச்சு ஐயா?"

"இந்த ஊரு என்னை ஆட்டி வைக்குது. ஒரு தெருவுல அழறேன். அடுத்த தெருவுல அடிக்கப் போறேன். எனக்குன்னு ஒரு மனசு இருக்கா இல்லையான்னே தெரியலை. மலைக்குப் போனா அடங்கிரும்."



"நாளைக்கு நீங்க நடக்கப் போறப்ப நானும் வர்றேன்," என்றார் யோகாம்பாள்.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினார்கள். சித்திரை வீதியில் செண்பகராமன் நடையைத் தளர்த்தினார். "கனகாம்பரம்னா அவளுக்கு உசுரு," என்றார்.

கீழமாசி வீதிக்குள் வந்ததும் செண்பகராமனின் நடை மாறியது. தாடை இறுகியது. பக்கத்தில் ஒருவர் வருகிறார் என்பதே மறந்துபோனது. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி குறுக்கே நின்றபோது, தள்ளிக்கொண்டிருந்தவரைப் பார்த்துச் சுள்ளென்று ஏதோ சொன்னார். அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனார். யோகாம்பாள் பின்னாலேயே வந்தார்.

ஒரு சந்து முனையில் இட்லிக் கடை இருந்தது. கடை போட்டிருந்த பேச்சியம்மாள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். செண்பகராமனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டார்.

யோகாம்பாள் நின்றார். "எங்க ரெண்டு பேருக்கும் இட்லி குடுங்கம்மா."

பேச்சியம்மாள் தயங்கினார். "இவரு உங்க கூட வந்தவரா?"

"ஆமா. ஏம்மா கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லுங்க."

பேச்சியம்மாள் செண்பகராமனைப் பார்க்காமல் இட்லியை எடுத்து வைத்தபடியே சொன்னார். "தினமும் இந்தப் பக்கம் வருவாரு. ஒருநாள் கால்ல இடிச்சிருச்சுன்னு ஸ்டூலை எத்திவிட்டுப் போனாரு. சாம்பார் வாளி கவுந்துருச்சு. அதுகூடப் பரவாயில்ல. அந்த மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும்மா. அதுக்கப்புறம் யாரு வந்தாலும் வெடுக்குனு பேசிருவேன். பாவம், அவங்க மூஞ்சி சுருங்கிப் போயிரும்."

செண்பகராமன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கால் கட்டைவிரல் வீங்கியிருந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. சாம்பார் வாளி நினைவில் இல்லை.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் மெல்ல. "இந்தத் தெருவுக்குள்ள வந்தாலே எனக்கு அப்படி ஆயிருது."

"ஆமாங்கய்யா," என்றார் பேச்சியம்மாள். "எனக்கும் அப்படித்தான்." சொல்லிவிட்டு செண்பகராமனின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சட்னி ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்துத் திரும்பினார்கள். அதே லாரிகள், அதே ஹாரன். செண்பகராமன் தலையைக் குனிந்தபடி நடந்தார். தெருவைத் தாண்டியதும் கேட்டார்.

"இப்ப நான் மலைக்குப் போகட்டுமாம்மா, வேண்டாமா?"

"தாராளமாப் போங்க ஐயா," என்றார் யோகாம்பாள். "அங்கயும் ஒத்தையடிப் பாதை இருக்கும். எதிர்ல யாராவது வருவாங்க. உங்க முகத்தைப் பாப்பாங்க."