நரிக்கிணற்றுக்கு பஸ் வந்த கதை

நரிக்கிணற்றுக்காரர்கள் மகா புத்திசாலிகள் என்று நரிக்கிணற்றுக்காரர்களே சொல்வார்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு பஸ் கிடையாது.

அதில் அதிகம் அவதிப்பட்டவள் வெள்ளத்தாயி. விடியலில் மல்லிகை பறித்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைப்பட்டிக்கு நடப்பாள். போய்ச் சேருவதற்குள் வெயிலில் பூ வாடிவிடும். பாதி விலைக்குக் கேட்பார்கள். பஸ் விடுங்கள் என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஒருவழியாக ஊரில் போக்குவரத்துத் திட்டக் குழு அமைத்தார்கள். தலைவர் காத்தமுத்து, உறுப்பினர் சீனிராஜ். நகரத்துப் பெரிய ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: உங்கள் நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள், அதற்கேற்ற பஸ் அனுப்புகிறோம்.

இருவரும் நாள் முழுக்க வெயிலில் நின்று எண்ணினார்கள். ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவில்லை. ஊரில் யாருக்கும் பஸ் தேவையில்லை போலிருக்கிறது என்று தலைவர் வருத்தத்தோடு முடிவு செய்தார்.

வெள்ளத்தாயிக்கு வந்ததே கோபம். "பஸ் வந்தாத்தானய்யா ஏறுவோம்? இல்லாத பஸ்ல எப்படி ஏற?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

குழு கூடி யோசித்தது.

"அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு தலைவரே," என்றார் சீனிராஜ். "ஏறுறதுக்கு ஏதாவது இருக்கணும்ல."

"பஸ் வேணும்னா எண்ணணும். எண்ணணும்னா பஸ் வேணும்," என்றார் காத்தமுத்து. "அப்ப நாமளே ஒண்ணு பண்ணிருவோம்."

பந்தல்காரரிடம் நாற்காலி வாங்கி நிறுத்தத்தில் வரிசையாகப் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, மேலே கீற்று வேய்ந்தார்கள். சீனிராஜ் விசிலோடு கண்டக்டர் ஆனார். நிழலைக் கண்டதும் ஊரே ஏறியது. ஜன்னலே இல்லாத பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. பின்னால் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனாலும் படியில் ஆள் தொங்காவிட்டால் ஆபீசில் நம்பமாட்டார்கள் என்று தலைவர் சில இளவட்டங்களைக் கயிற்றில் தொங்கவிட்டார். வெள்ளத்தாயியும் கூடையோடு ஏறி உட்கார்ந்தாள். எண்ணிக்கையில் ஒன்று கூடுமே என்ற ஆசைதான், பாவம். மத்தியானம் பசி எடுத்ததும் எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

கணக்கு நகரத்துக்குப் போனது. அங்கே இருப்பவர்கள் படித்தவர்கள். ஆனால் நரிக்கிணற்றில் அவர்களுக்குச் சொந்தபந்தம் உண்டோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். கூட்டம் நிரம்பி வழிகிறது, உடனே பஸ் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதே சமயம், நரிக்கிணற்றில் ஏறிய அத்தனை பேரும் நரிக்கிணற்றிலேயே இறங்கியிருக்கிறார்கள். ஆகவே இந்த ஊருக்கு எஞ்சின் வீண் செலவு என்றும் கண்டுபிடித்தார்கள்.

எஞ்சின் கழற்றிய பஸ் ஒன்றைச் சந்தைப்பட்டி டிராக்டர் இழுத்துவந்து நிறுத்தத்தில் விட்டது. காலையிலேயே மேளம் கொட்டித் தேங்காய் உடைத்தார்கள். பூக்கூடையோடு வெள்ளத்தாயி முதல் ஆளாக ஏறினாள். சீனிராஜ் விசில் ஊதினார். பஸ் அசையவில்லை. இது என்றைக்குமே அசையாது என்று அவளுக்கு உறைத்தபோது, இழுத்துவந்த டிராக்டர் காலியாகச் சந்தைப்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "அண்ணே, வழிய விடுங்க. பூ வாடுது. நான் அந்த டிராக்டர்ல போய்க்கிறேன்."

சீனிராஜ் இரண்டு கைகளாலும் வாசலை மறித்தார்.

"ஓடுற பஸ்ல இறங்கக் கூடாது தாயி. அடுத்த ஸ்டாப் வரட்டும்."