பதில் சொல்லாத லைன்

"டீச்சர், மூணாவது லைன் உருப்படாது. கழட்டி எறிஞ்சிரலாமா?" என்று கேட்டார் இசக்கிமுத்து.

தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இன்டர்நெட் வேலை பார்ப்பவர் அவர். மூன்று கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய மூன்று லைன்களை ஒரே ரவுட்டரில் சேர்த்துக் கட்டியிருந்தார்.

வார்டில் கொழுந்து பறிக்கும் பாக்கியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுடைய இதய ஸ்கேன் டவுன் டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் ஜீப்பில் ஏற்றி மலையிறக்க வேண்டும். அந்த ரோட்டை அவள் நெஞ்சு தாங்காது.

படமோ பாதியில் அறுந்து அறுந்து போனது.

அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ரெஜினா வந்திருந்தாள். வயதில் இளையவள் என்றாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"மத்த ரெண்டு லைன் போதுமா முத்தண்ணே?"

"எங்க போதும்? ஊர்ந்துக்கிட்டுக் கிடக்கும்."

"மூணாவது எப்ப விழுது?"

"சும்மா இருக்கும்போது ஜம்முனு இருக்கும். படம் ஏத்தினா விழுந்துரும். வேலைக் கள்ளன்."

"விழுந்துட்டுன்னு யாரு சொன்னா?"

"ரவுட்டர்தான். நொடிக்கு நொடி 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேக்க வச்சிருக்கேன். ஒரு தடவை பதில் வரலைன்னாலும் வெளியே தள்ளிரும். எங்கிட்ட எல்லாம் கறார்தான்."

ரெஜினா ரவுட்டரைத் தொடவில்லை. வாசலில் கிடந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டினாள்.

"பாக்கியத்துக்கு வேணுமாம். கொண்டுபோய் வைங்க."

அவருக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் தோளில் ஏற்றினார். அவள் கூடவே நடந்தாள்.

"முத்தண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன் டீச்சர்."

"இருக்கீங்களா?"

படியில் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கியிருந்ததால் வாய் திறக்கவில்லை.

ரெஜினா நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், அண்ணன் விழுந்துட்டாரு. வேற ஆள் பாருங்க."

"யாரு விழுந்தா? கண்ணு அவிஞ்சா போச்சு? சுமந்துக்கிட்டுல்ல..."

நின்றுவிட்டார்.

சிலிண்டரைக் கட்டிலருகே இறக்கிவிட்டு ரவுட்டர் அறைக்கு ஓடினார். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினார். பல தடவை பதில் வராவிட்டால் மட்டும் லைனைத் தள்ளும்படி மாற்றினார். படத்தை மறுபடி அனுப்பினார்.

முதல் லைன் பதில் சொன்னது. இரண்டாவது சொன்னது. மூன்றாவது சொல்லவில்லை.

அதை வெட்டிவிடக் கை பழக்கத்தில் கீபோர்டுக்குப் போனது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தது. டவுன் டாக்டர்.

"படம் முழுசா வந்துட்டு. கீழ இறக்க வேண்டாம். மருந்து சொல்றேன், அங்கயே சிஸ்டரைக் குடுக்கச் சொல்லுங்க."

போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தவர், ரவுட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மூணாவது பதில் சொல்லிட்டா?" என்று கேட்டாள் ரெஜினா.

"இன்னும் இல்லை டீச்சர்."

கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை.