கன்றுக்குட்டி மேய்ந்த கீரை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம். ஊரில் சண்டை போட்டவர்கள் வந்தால் சீடர் ஒருவர் விசாரிப்பார். தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். மனம் ஒத்துப்போனவர்கள் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள்.

நெடுநாளாக விசாரித்து வந்தவர் சடையப்பர். பேச்சில் அவரை மடக்க ஆளில்லை. ஆனால் அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வாயை இறுக மூடிக்கொண்டு, சோற்றையும் தொடாமல் படியிறங்கிவிடுவார்கள். அண்மையில் மடத்தில் சேர்ந்த இளம் சீடன் பூவராகன் விசாரிக்க ஆரம்பித்தானோ இல்லையோ, பந்தியில் இலை போதவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவன் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். சடையப்பருக்கு வயிறு எரிந்தது. அவன் சிரித்தால் பிடிக்கவில்லை, தும்மினால்கூடப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பார்த்தால், பந்திக்கென்று பூவராகன் வளர்த்த கீரைப்பாத்தியைக் கன்றுக்குட்டி மேய்ந்து தீர்த்திருந்தது. தொழுவத்தைச் சாத்துவது சடையப்பரின் வேலை. அவர் முந்திக்கொண்டு குருவிடம் போனார். கன்றைப் பற்றிப் பேச அல்ல.

"அவங்கிட்ட அப்படி என்ன சாமி இருக்கு? இனிமே என் இடம் அவனுக்குத்தானா?"

"கன்னுக்குட்டிய ஏன் தொறந்து விட்ட?" என்றார் குரு.

தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்றார் சடையப்பர். கன்று பொல்லாதது என்றார். பாத்திக்கு அவன் வேலி போட்டிருக்க வேண்டாமா என்று திருப்பியும் கேட்டார். குரு எதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, "தாழ்ப்பாள்ல கை வச்சப்போ உன் மனசு எப்படி இருந்துச்சு?" என்றார்.

சடையப்பர் தாழ்ப்பாள் பேச்சை விட்டுவிட்டார்.

"என்னைத் தேடி இப்ப யாருமே வர்றதில்ல சாமி."

"கீரை போனதுல யாருக்கெல்லாம் கஷ்டம்?"

பூவராகனுக்கு என்றார். அப்புறம், மத்தியானம் பசியோடு வருகிறவர்களுக்கும் என்றார். அவனிடம் நானே போய்ச் சொல்கிறேன், இன்றைக்கே பாத்தியைக் கொத்தி விதை போடுகிறேன் என்றும் சொன்னார். அப்படிச் செய் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

எழுந்து போனவர் வாசலில் நின்றார். மனசு கேட்கவில்லை.

"இதையே முதல்ல கேட்டிருக்கலாமே சாமி. அவ்வளவு பொய் சொல்லியிருக்க மாட்டேனே."

"முதல்ல 'ஏன்'னு கேட்டது, நீ எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி," என்றார் குரு. "அடுத்த ரெண்டும் நான் பூவராகன்கிட்ட கத்துக்கிட்டது."