கரடியின் முதுகில் ஓர் ஆட்காட்டி

ஒரு காட்டில், பாறையும் புதருமாகக் கிடந்த மலைச்சரிவில், ஒரு தாய்க்கரடி இருந்தது. கரடிகள் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் இரை தேடப் போகும், தெரியுமா? நம் கரடியும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தேனுக்கு ஆசைப்பட்டு மரமேறி, பொத்தென்று விழுந்து, முதுகில் அடிபட்டுக்கொண்டது.

மழைக்காலம் முடிவதற்குள் காயம் ஆறிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. குட்டி ஏறி உட்கார்ந்தால் சுரீரென்றது. கரடி அதை இறக்கி நடக்கவிட்டது. பாவம் குட்டி, குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு எப்போதும் பின்தங்கியே வந்தது. அந்தப் பக்கம் ஒரு சிறுத்தை வேறு நடமாடியது. கரடி குட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தது.

அழுங்கிடம் போய் யோசனை கேட்டது. எதற்கெடுத்தாலும் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பிராணி அது. வேறென்ன சொல்லும்?

"வலித்தால் அசையவே கூடாது. என்னைப் போலச் சுருண்டு படு" என்றது.

கரடி பத்து நாள் படுத்தது. எழுந்தபோது குட்டி மூக்கால் உரசினாலே வலித்தது. நல்ல வைத்தியர்தான் போங்கள்!

ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கக் கரடி வந்த நேரம், ஒரு சருகு விழுந்தது. "ஆபத்து, ஆபத்து" என்று குருவி காடே கேட்கக் கத்தியது.

"ஏனம்மா பொய் சொல்கிறாய்?"

"பொய்யில்லை அக்கா. போன வருஷம் நரி என் முட்டைகளைத் தின்றுவிட்டது. அன்று முதல் சருகு விழுந்தாலும் நரி வருகிற மாதிரியே இருக்கிறது. என் பயம் நிஜம்தான். நரிதான் இல்லை."

"பிறகு எப்படி அடைகாக்கிறாய்?"

"கத்துவேன். சுற்றிப் பார்ப்பேன். சருகுதான் என்று தெரிந்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவேன். முன்பெல்லாம் நாள் முழுக்கக் கத்துவேன். இப்போது குறைந்திருக்கிறது."

கரடி தன் வலியைச் சொல்லி முதுகைக் காட்டியது. குருவி முடியை விலக்கி நன்றாகப் பார்த்தது. "புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை அக்கா."

"அப்படியானால் என் வலி பொய்யா?"

"யார் சொன்னது? உனக்குள்ளும் என்னைப் போல் ஒருத்தி காவல் இருக்கிறாள். ஒருமுறை பயந்துவிட்டாள், அவ்வளவுதான். அவளைத் திட்டாதே. ஆனால் அவள் கத்தும்போதெல்லாம் படுத்துவிடாதே."

அன்று கரடி குட்டியை ஏற்றிக்கொண்டு பத்தடி நடந்தது. வலித்தது. நின்று மூச்சு வாங்கி, இறக்கிவிட்டது. மறுநாள் பன்னிரண்டு அடி. ஒருநாள் வீம்புக்கு மலையுச்சி வரை போய்விட்டு இரண்டு நாள் முனகியது. பிறகு பழையபடி கொஞ்சதூரத்திலிருந்து ஆரம்பித்தது. கோடை வருவதற்குள் புற்றுமேடு வரை சுமக்கப் பழகியிருந்தது.

அந்தப் புற்றுமேட்டில்தான் ஒருநாள் சிறுத்தை வழிமறித்தது. அதன் கண் குட்டியின் மேலேயே இருந்தது. குட்டியோ அம்மாவின் முதுகில் இருந்தது. கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து எழுந்து உறுமியது. சிறுத்தை சற்று யோசித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

"வலிக்கிறதா அம்மா?" என்றது குட்டி.

"வலிக்கிறது. நீ இறுக்கிப் பிடித்துக்கொள்" என்று சொல்லிக் கரடி நடந்தது.

நீதி: காயம் ஆறிய பின்னும் வலி கூவலாம், அதைப் பொய்யென்று ஏசாமல், அதற்கு அஞ்சி முடங்காமல், கொஞ்சம் கொஞ்சமாய் நடந்து பழகு.